திட்ட அட்டவணையின் பணி நாட்காட்டிகளை எல்லோரும் ஒன்றுபோலப் பார்க்கவும் பகிரவும் வழி என்ன?

அட்டவணைப்பொறுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இயந்திர நிறுவல் திட்டம் ஒன்றின் அட்டவணையை மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற திட்ட அட்டவணை மென்பொருளில் பராமரித்து வருகிறேன். அடித்தளம் போடும் அணி வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்கிறது. இயந்திரத்தைப் பொருத்தும் அணி திங்கள் முதல் சனி வரை, நாளுக்கு 10 மணி நேரம் வேலை செய்கிறது. அந்த அணி தன் பகுதிக்குத் தனியாக ஒரு கோப்பு வைத்திருக்கிறது.

சென்ற வாரக் கூட்டத்தில் "இயந்திரம் பொருத்துதல், 10 நாள்" என்ற ஒரே வரியை நாங்கள் மூன்று விதமாகப் படித்தோம். திங்கட்கிழமை தொடங்கும் அந்தப் பணி என் கோப்பில் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை முடிகிறது. பொருத்தும் அணியின் கோப்பில் அதே வாரம் வியாழக்கிழமை முடிகிறது. அச்சிட்ட தாளை வைத்து விரல்விட்டு எண்ணிய மேலாளருக்கோ வெள்ளிக்கிழமை கிடைத்தது. யாருடைய தேதி சரி என்று பேசியே ஒரு மணி நேரம் கழிந்தது. இரண்டு கோப்புகளிலும் இந்தப் பணிக்கு ஒரே பெயருள்ள நாட்காட்டிதான் இருக்கிறது; வேலை நாட்களும் நேரங்களும்கூட ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் இந்த வேறுபாடு? ஒரு திட்டத்தில் பயன்படும் எல்லா நாட்காட்டிகளையும் ஓரிடத்தில் பார்ப்பதற்கும், மென்பொருள் இல்லாதவர்கள் உட்பட அனைவருக்கும் பகிர்வதற்கும் நீங்கள் என்ன முறையைக் கையாளுகிறீர்கள்?

வரைபட்டை எழுதியது:

உங்கள் மூன்று தேதிகளுமே கணக்குப்படி சரியானவை. வேறுபாடு நாட்காட்டியில் இல்லை. "நாள்" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கோப்பும் கொடுக்கும் பொருளில் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் காலஅளவை உள்ளுக்குள் நாட்களாக வைத்துக்கொள்வதில்லை, நிமிடங்களாகவே வைத்துக்கொள்கிறது. நீங்கள் "10 நாள்" என்று தட்டச்சு செய்யும்போது, ஆப்ஷன்ஸ் சாளரத்தின் ஷெட்யூல் பகுதியில் உள்ள "ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம்" என்ற எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. தொடக்கத்தில் அந்த எண் 8. வாரத்துக்கு 40 மணி நேரம், மாதத்துக்கு 20 நாள் என்பவை அதனோடு வருபவை. உங்கள் கோப்பில் அது 8 ஆகவே இருக்கிறதென்றால் உங்கள் பணி 80 மணி நேரம். 10 மணி நேர நாட்காட்டியில் 80 மணி நேரத்தைப் பரப்பினால் 8 வேலை நாள். திங்கள் முதல் சனி வரை ஆறு, மறுவாரம் திங்களும் செவ்வாயும் சேர்ந்து எட்டு. பொருத்தும் அணி அந்த எண்ணை 10 என்று மாற்றி வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு அது 100 மணி நேரம், ஆகவே 10 வேலை நாள், முடிவு வியாழக்கிழமை. மேலாளர் ஐந்து நாள் வாரத்தை மனத்தில் வைத்து எண்ணியதால் வெள்ளிக்கிழமைக்கு வந்தார்.

இந்த எண் நாட்காட்டியின் பகுதி அன்று. நாட்காட்டியை மட்டும் இன்னொரு கோப்புக்கு நகலெடுத்தால் இது கூடவே போகாது. எனவே நாட்காட்டியைப் பகிர்கிறேன் என்று சொல்பவர் இந்த எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: பணிகளை எல்லாம் உள்ளிட்ட பிறகு இதை 8 இலிருந்து 10க்கு மாற்றினால், 80 மணி நேரப் பணி 80 மணி நேரமாகவே நிற்கும், திரையில் மட்டும் "8 நாள்" என்று தெரியும். தேதி நகராது. அதனால் திருத்திவிட்டோம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இரவு_ஷிப்ட் எழுதியது:

மேலே சொன்னதோடு தொடக்க நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சாளரத்தில் இயல்பான தொடக்க நேரம் காலை 8 என்றும் முடிவு நேரம் மாலை 5 என்றும் இருக்கும். எங்கள் அணியின் நாட்காட்டி காலை 7 முதல் 12 வரையும், பிற்பகல் 1 முதல் 4 வரையும் ஆகும். யாரோ ஒருவர் ஒரு பணிக்குத் தொடக்கத் தேதியை மட்டும் தட்டச்சு செய்தார். மென்பொருள் அதைக் காலை 8 மணி என்று எடுத்துக்கொண்டது. அன்று 4 மணிக்குள் 7 மணி நேர வேலைதான் முடிந்தது. மீதி ஒரு மணி நேரம் மறுநாள் காலை 7 முதல் 8 வரை போய் விழுந்தது. ஒரு நாள் பணி திரையில் இரண்டு தேதிகளைக் காட்டியது. அடுத்தடுத்த பணிகளும் அதே ஒரு மணி நேரத்தைச் சுமந்துகொண்டே போயின. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. தேதிப் பத்தியில் நேரமும் தெரியும்படி வடிவத்தை மாற்றி வைத்தால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். நாட்காட்டி தொடர்பான எந்தத் தேடலையும் நான் இப்போது அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

தளப்பொறியாளர் எழுதியது:

நான் அட்டவணை தயாரிப்பவன் அல்லன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வேலை செய்பவன். என் தரப்பிலிருந்து ஒரு கேள்வி. பணிகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் கான்ட் வரைபடத்தில் சாம்பல் நிறப் பட்டைகள் விடுமுறையைக் காட்டுகின்றன என்றுதான் நாங்கள் நம்பி வந்தோம். ஆனால் சில பணிகளின் பட்டை அந்தச் சாம்பல் நிறத்தின் மேலேயே தொடர்ந்து ஓடுகிறது. அந்த நாட்களில் ஆட்கள் வர வேண்டுமா, வேண்டாமா?

வரைபட்டை எழுதியது:

நல்ல கேள்வி. அட்டவணையை வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிடுவதால்தான் பல இடங்களில் ஆள் இல்லாத நாளில் வேலை நிற்கிறது.

அந்தச் சாம்பல் நிறம் ஒரே ஒரு நாட்காட்டியைத்தான் காட்டும். டைம்ஸ்கேல் சாளரத்தில் வேலையில்லா நேரத்துக்கான தாவலில் எந்த நாட்காட்டி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அது மட்டுமே வரையப்படும். திட்ட நாட்காட்டியை மாற்றிவிட்டால் நிழலும் தானாக மாறிவிடும் என்று எண்ணாமல், அங்கே போய்த் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. ஆகவே பட்டை சாம்பல் நிறத்தின் மேல் ஓடுகிறதென்றால், அந்தப் பணி பெரும்பாலும் வேறொரு நாட்காட்டியின்படி நடக்கிறது என்று பொருள். அன்று ஆட்கள் வர வேண்டுமா என்பதை அந்த நாட்காட்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு பணி எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறது என்பதற்கு வரிசை உண்டு. வளம், அதாவது ஆளோ இயந்திரமோ, எதுவும் ஒதுக்கப்படாத பணி திட்ட நாட்காட்டியைப் பின்பற்றும். வளம் ஒதுக்கினால் அந்த வளத்தின் நாட்காட்டி ஆளும். பணிக்கென்று தனி நாட்காட்டியும் கொடுத்திருந்தால், இரண்டும் ஒத்துப்போகும் நேரத்தில் மட்டுமே வேலை நடக்கும். வளத்தின் நாட்காட்டியைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற குறியைப் போட்டிருந்தால் மட்டும் பணி நாட்காட்டி தனித்து ஆளும். இரவுப் பணி நாட்காட்டி கொடுத்த பணிக்குப் பகல் ஆளை ஒதுக்கினால் ஒத்துப்போகும் நேரமே இருக்காது, மென்பொருள் எச்சரிக்கும். ஆனால் ஒத்துப்போகும் நேரம் அரை மணி இருந்தாலும் எச்சரிக்காமல் அந்த அரை மணியிலேயே நாட்கணக்காகப் பணியை இழுத்துக்கொண்டு போகும்.

பார்ப்பதற்கு எளிய வழி: பணி அட்டவணையில் "டாஸ்க் காலண்டர்" பத்தியைச் சேர்த்து, அதன்படி குழுவாக்கிப் பாருங்கள். வளப் பட்டியலில் "பேஸ் காலண்டர்" பத்தியைப் பாருங்கள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் எந்த நாட்காட்டி எங்கே பயன்படுகிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் சேஞ்ச் ஒர்க்கிங் டைம் சாளரத்தைத் திறந்து ஒன்றொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மிதவைநாள் எழுதியது:

பிரைமவேரா பி6 என்ற இன்னொரு அட்டவணை மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே நாட்காட்டிகள் குளோபல், புராஜெக்ட், ரிசோர்ஸ் என மூன்று வகை. நாட்காட்டிச் சாளரத்தில் "யூஸ்டு பை" என்ற பொத்தான் இருக்கிறது. அது அந்த நாட்காட்டியை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும். எந்த நாட்காட்டியையும் திருத்துவதற்கு முன் அதை அழுத்திப் பார்ப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். குளோபல் நாட்காட்டியில் ஒரு விடுமுறையைச் சேர்த்தால், அதே தரவுத்தளத்தில் அந்த நாட்காட்டியைப் பயன்படுத்தும் எல்லாத் திட்டங்களின் தேதிகளும் அடுத்த கணக்கீட்டில் நகரும்.

பி6இல் ஒரு செயல் "டாஸ்க் டிபென்டென்ட்" வகையாக இருந்தால் செயலின் நாட்காட்டியும், "ரிசோர்ஸ் டிபென்டென்ட்" வகையாக இருந்தால் வளத்தின் நாட்காட்டியும் ஆளும். இரண்டு செயல்களுக்கு இடையிலான இடைவெளியை எந்த நாட்காட்டியில் எண்ணுவது என்பது தனி அமைப்பு: முன்செயலுடையது, பின்செயலுடையது, 24 மணி நேரம், திட்டத்தின் இயல்பான நாட்காட்டி என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்பை வாங்குபவர் இந்த அமைப்பை மாற்றி மறுகணக்கிட்டால், ஒரு நாட்காட்டியைக்கூடத் தொடாமலே முடிவுத் தேதி மாறிவிடும்.

மிதவையைப் பற்றியும், அதாவது திட்டத்தின் முடிவைத் தள்ளாமல் ஒரு செயல் எவ்வளவு தாமதிக்கலாம் என்பதைப் பற்றியும், சொல்ல வேண்டும். ஏழு நாள் நாட்காட்டியில் உள்ள ஒரு செயல் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதன் பின்செயல் ஐந்து நாள் நாட்காட்டியில் திங்கட்கிழமை தொடங்குகிறது. பின்செயலுக்கு மிதவை பூஜ்யம். முன்செயல் ஞாயிறு வரை நீண்டாலும் பின்செயல் பாதிக்கப்படாது என்பதால் முன்செயலுக்கு 2 நாள் மிதவை என்று மென்பொருள் காட்டும். கணக்கு சரியானதே. ஆனால் "மிதவை பூஜ்யம்" என்று வடிகட்டி, முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் செயல்களின் தொடரான நெருக்கடிப் பாதையை அச்சிடுபவரின் தாளில் அந்த முன்செயல் விடுபட்டுப்போகும், பாதை நடுவில் அறுந்து நிற்கும். நாட்காட்டிகள் கலந்திருக்கும் அட்டவணையில் "லாங்கஸ்ட் பாத்" (மிக நீண்ட பாதை) முறையில் நெருக்கடிப் பாதையைக் காட்டுவதே நம்பத்தக்கது.

அட்டவணைப்பொறுப்பு எழுதியது:

வரைபட்டை அவர்களுக்கு மிக்க நன்றி. இன்று இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். என் கோப்பில் 8, அவர்கள் கோப்பில் 10. நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது.

இடைவெளி பற்றிப் படித்ததும் என் கோப்பிலேயே இன்னொரு தவறு கிடைத்தது. கான்கிரீட் ஊற்றி முடிப்பது வியாழக்கிழமை மாலை. 7 நாள் நீர் ஆற்றிய பிறகு அடுத்த பணி. நான் சாதாரண 7 நாள் இடைவெளி கொடுத்திருந்தேன். மென்பொருள் அதை 7 வேலை நாளாக எண்ணி, அடுத்த பணியை மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளியிருந்தது. கான்கிரீட் சனி ஞாயிறுகளிலும் இறுகத்தான் செய்கிறது. அதைத் தொடர் நாட்களாக, அதாவது "எலாப்ஸ்டு" நாட்களாக மாற்றியதும் அடுத்த பணி இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமைக்கு வந்துவிட்டது. பல மாதங்களாக யாருக்கும் தெரியாமல் இரண்டு வேலை நாட்கள் அங்கே கிடந்திருக்கின்றன.

இனி பகிர்வதைப் பற்றிச் சொல்லுங்கள். கோப்புகளுக்கிடையே நகலெடுக்க உதவும் ஆர்கனைசர் சாளரம் வழியாக நாட்காட்டியை நகலெடுத்து அனுப்பினால் போதுமா?

தரவுப்பாலம் எழுதியது:

போதாது. ஆர்கனைசர் செய்வது நகல், இணைப்பு அன்று. உங்கள் கோப்பிலிருந்து குளோபல்.எம்பிடி என்ற பொது வார்ப்புருக் கோப்புக்கோ வேறு கோப்புக்கோ நகலெடுத்த அந்த நொடியிலிருந்து இரண்டும் தனித்தனி. நீங்கள் நாளை ஒரு விடுமுறையைச் சேர்த்தால் அங்கே சேராது. பெயர் மட்டும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. "ஸ்டாண்டர்டு" என்ற பெயர் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் தன்னுடைய ஸ்டாண்டர்டை உள்ளேயே சுமக்கிறது. அவற்றின் உள்ளடக்கம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே ஸ்டாண்டர்டைத் திருத்தாதீர்கள். புதிய நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, பெயரிலேயே வேலை முறையையும் பதிப்பையும் எழுதுங்கள்: "பொருத்துதல் 6 நாள் 10 மணி பதிப்பு 3" என்பது போல. அப்படி எழுதினால் பழைய நகலை வைத்திருப்பவர் யார் என்பது பெயரைப் பார்த்தவுடனேயே தெரியும்.

இணைப்பாகவே பகிர வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சர்வர் வழிப் பதிப்பில் உள்ள நிறுவன நாட்காட்டிகள். அவற்றை நிர்வாகி ஓரிடத்தில் திருத்துகிறார், மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள். மற்றொன்று, பொது வளக் கோப்பு. பல திட்டக் கோப்புகள் ஒரே வளக் கோப்பைப் பகிரும்போது வளங்களின் நாட்காட்டிகளும் அங்கிருந்தே வரும். ஆனால் பகிரும் சாளரத்தில் ஒரு கேள்வி கேட்கப்படும்: நாட்காட்டி அல்லது வளத் தகவலில் முரண்பாடு வந்தால் பொதுக் கோப்புக்கு முன்னுரிமையா, பகிரும் கோப்புக்கு முன்னுரிமையா? எல்லோரும் பொதுக் கோப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் மாற்றித் தேர்ந்தெடுத்தாலும் அவருடைய பழைய விடுமுறைப் பட்டியல் பொதுக் கோப்புக்குள் ஏறி மற்ற எல்லோரையும் பாதிக்கும்.

பி6 பயனர்கள் திட்டத்தை எக்ஸ்இஆர் என்ற ஏற்றுமதிக் கோப்பாக அனுப்பும்போது நாட்காட்டிகளும் அதனுடனே போகின்றன. அதனால் வாங்குபவரின் தரவுத்தளத்தில் அனுப்புபவரின் குளோபல் நாட்காட்டிகள் குவியும், அல்லது ஒரே பெயருள்ளவற்றை மேலெழுதும். இறக்குமதி அமைப்பில் குளோபல் நாட்காட்டிகளுக்கு "ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டே உள்ளே எடுங்கள். வெளியே அனுப்பும் திட்டங்களில் புராஜெக்ட் வகை நாட்காட்டியையே பயன்படுத்துங்கள். அது அனுப்புபவர் வாங்குபவர் இருவருக்கும் பாதுகாப்பு.

வளமேலாண்மை எழுதியது:

தனிநபர் விடுப்பு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. வளத்தின் நாட்காட்டியில் விடுப்பைச் சேர்க்கும்போது அதற்குப் பெயர் கேட்கும். அங்கே பலர் விடுப்பின் காரணத்தை, சில நேரங்களில் உடல்நலக் காரணத்தைக்கூட, எழுதிவிடுகிறார்கள். கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும், எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் ஏற்றுமதி செய்தால் அதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும், அந்த வரி தெரியும். அட்டவணைக்குத் தேவையானது அந்த நாளில் ஆள் இல்லை என்ற செய்தி மட்டுமே. "இல்லை" என்று எழுதினால் போதும். தயவுசெய்து அதற்கு மேல் எழுத வேண்டாம்.

தளப்பொறியாளர் எழுதியது:

எங்களைப் போல மென்பொருள் இல்லாதவர்களுக்கு எது கிடைக்கும்? எல்லாவற்றையும் ஏழு நாள் நாட்காட்டியில் போட்டு, காலஅளவையும் தொடர் நாட்களிலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

மிதவைநாள் எழுதியது:

உங்கள் எண்ணம் புரிகிறது, ஆனால் நான் உடன்பட மாட்டேன். ஐந்து வேலை நாள் பணி திங்களன்று தொடங்கினால் 5 தொடர் நாள். புதனன்று தொடங்கினால் 7 தொடர் நாள். முன்பணி இரண்டு நாள் தாமதமானால் காலஅளவையும் கையால் திருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான பணிகளில் இதைச் செய்ய முடியாது. நாட்காட்டி என்ற ஏற்பாடு இருப்பதே இந்தத் திருத்தத்தை மென்பொருளிடம் விடுவதற்காகத்தான். உங்களுக்கு வேண்டியது எளிய நாட்காட்டியன்று, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய நாட்காட்டி.

தரவுப்பாலம் எழுதியது:

அதற்கு ஐகேலண்டர் வடிவம் உதவும். 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதை வரையறுக்கிறது. கைப்பேசியில் உள்ள பெரும்பாலான நாட்காட்டிச் செயலிகள் அதைப் படிக்கும். அடிப்படை வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, விடுமுறைகளையும் கூடுதல் வேலை நாட்களையும் முழுநாள் நிகழ்வுகளாக ஒரு சந்தா முகவரியில் வைத்தால், மூலத்தைத் திருத்தும்போது, செயலி அடுத்த முறை புதுப்பித்துக்கொள்கையில், எல்லோருடைய கைப்பேசியிலும் திருத்தம் வந்துவிடும்.

நான் இதை இப்படிச் செய்கிறேன். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்பை எக்ஸ்எம்எல்லாகச் சேமித்தால் ஒவ்வொரு நாட்காட்டியும் வாரநாட்களோடும், விடுமுறை, கூடுதல் வேலை நாள் போன்ற விதிவிலக்குகளோடும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். வாரநாட்கள் 1 முதல் 7 வரை எண்ணப்படும். 1 என்பது ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை அல்ல. ஒரு சிறு நிரல் அந்த விதிவிலக்குகளைப் படித்து ஐகேலண்டர் கோப்பாக எழுதுகிறது. முழுநாள் நிகழ்வில் முடிவுத் தேதி அந்த நிகழ்வில் சேராது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 14ஆம் தேதி விடுமுறை என்றால் தொடக்கம் 14, முடிவு 15 என்று எழுத வேண்டும். எக்ஸ்எம்எல்லில் இருக்கும் முடிவுத் தேதியை அப்படியே எடுத்து எழுதிய முதல் முயற்சியில், மூன்று நாள் விடுமுறைகள் எல்லாம் கைப்பேசியில் இரண்டு நாளாகத் தெரிந்தன. அதை முதலில் கவனித்தவர் தளத்தில் இருந்த ஒருவர்தான்.

விடுமுறைகளை எந்த ஆண்டு வரை உள்ளிட்டிருக்கிறீர்கள் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அதற்குப் பிந்தைய ஆண்டில் விடுமுறையே இல்லாதது போல மென்பொருள் கணக்கிடும். நீண்ட திட்டங்களின் கடைசிப் பகுதி பெரும்பாலும் இப்படித்தான் உண்மையைவிட முந்தி முடிவதாகக் காட்டுகிறது.

அட்டவணைப்பொறுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் செய்து முடித்ததை எழுதிவிடுகிறேன். இரண்டு கோப்புகளிலும் காலஅளவுகளை மணி நேரமாக மாற்றி எழுதினோம். பொருத்தும் அணி தன் வேலை 100 மணி நேரம் என்று உறுதியாகச் சொன்னதால் அதையே ஏற்றுக்கொண்டேன். நாட்காட்டிகளுக்குப் பதிப்பு எண்ணுடன் புதுப் பெயர் வைத்தோம். திருத்தும் பொறுப்பு என்னிடம் மட்டும். யாருக்கு மாற்றம் வேண்டுமானாலும் எனக்கு எழுதுவார்கள், நான் திருத்தி இரண்டு கோப்புகளுக்கும் அனுப்புவேன். வேலை நேரம், ஒரு நாளுக்கான மணி நேரம், இயல்பான தொடக்க நேரம், விடுமுறைகள் உள்ளிடப்பட்ட கடைசி ஆண்டு ஆகியவை ஒரே பக்கத்தில் அட்டவணையின் முதல் தாளாகப் போகின்றன. வளங்களின் விதிவிலக்குப் பெயர்களையும் சரிபார்த்தேன். ஆறு இடங்களில் காரணம் எழுதப்பட்டிருந்தது, நீக்கிவிட்டேன்.

ஐகேலண்டர் நிரலை அடுத்த வாரம் முயல இருக்கிறேன். தரவுப்பாலம் அவர்களே, ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும்படி அமைத்த விதிவிலக்குகளை உங்கள் நிரல் எப்படிக் கையாளுகிறது?

தரவுப்பாலம் எழுதியது:

திரும்ப வரும் விதியை நான் அப்படியே கடத்துவதில்லை. திட்டத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனித் தேதியாக விரித்து எழுதிவிடுகிறேன். கோப்பு கொஞ்சம் நீளும். ஆனால் படிப்பவர் தம் கண்ணாலேயே ஒவ்வொரு தேதியையும் சரிபார்க்க முடிகிறது. ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் விடுமுறைகளையும் அதே பட்டியலில் கையால் சேர்த்துவிடலாம்.